பத்தாம் நாள் படம்

எக்ஸ்ரே எடுப்பவருக்கு ஜனங்கள் வைத்திருந்த பெயர் போட்டோக்காரர். சொந்தப் பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சித்தூரில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். அவர்மேல் எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. கோபம் ஆறாமல் ஒரு மனிதரின் பெயரை அச்சில் ஏற்றுவது சரியில்லை.

திருப்பதியில் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த சமயம். சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ரூமுக்கு ரிஜிஸ்டர் எழுத என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். பெயர், வயது, ஊர், எந்த எலும்பு, இடதா வலதா. தமிழில் சொல்வதையும் தெலுங்கில் சொல்வதையும் இங்கிலீஷில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அதனால் அந்த வேலையைத் தாசில்தார் உத்தியோகம் போல நினைத்துக்கொண்டேன். வருகிறவர்களை வெறுமனே அனுப்பக் கூடாது, எதற்குப் படம், அதில் என்ன தெரியும் என்று விளக்கி அனுப்ப வேண்டும் என்றெல்லாம் ஆசை. ஆனால் விளக்குவதற்கு எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் உள்ளே இருந்தார். அவர் வாயைத் திறக்க மாட்டார்.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு. பழைய மிஷன் சபைக் குடும்பம். வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஒரு கறை பார்க்க முடியாது. விரல் நகங்கள் மட்டும் மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறிப் பழுப்பேறிக் கிடக்கும். படம் எடுத்து, இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவி, சொட்டச் சொட்டக் கிளிப்பில் மாட்டிக்கொண்டு வெளியே வருவார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் பார்ப்பார். படத்துக்குச் சொந்தக்காரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது.

"இன்னாங்க, எலும்பு ஒடஞ்சிகீதா?"

"டாக்டர் சொல்வாரு."

தெலுங்கில் கேட்டால், "டாக்டர்காரு செப்தாரு."

அத்தோடு சரி. எலும்பு டாக்டர் திருப்பதியிலிருந்து புதன்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் டியூட்டியில் இருக்கிற டாக்டர் பார்ப்பார். ஜுரம், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி எல்லாம் பார்க்கிற அதே டாக்டர். சந்தேகம் வந்தால் "புதன்கிழமை வா" என்பார். வியாழக்கிழமை இடுப்பு உடைந்தவள் அடுத்த புதன்வரை, தன் இடுப்பு உடைந்திருக்கிறதா என்று தெரியாமலே படுத்துக் கிடக்க வேண்டும். போட்டோக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவள் கட்டிலைத் தாண்டித்தான் தினமும் டீ குடிக்கப் போவார்.

எங்கள் அறைக்கு வந்தவர்கள் செய்த கூத்துகளையும் சொல்ல வேண்டும். கணுக்கால் வீங்கி வந்த ஒரு பெரியவர் குளித்து, தலைசீவி, கழுத்துவரை பவுடர் பூசிக்கொண்டு வந்தார். கூட வந்த அவர் சம்சாரம் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "நைனா, நானும் அவரு பக்கத்துல நின்னுக்கட்டா? எங்க கல்யாணத்துல போட்டோவே புடிக்கல" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போட்டோக்காரர் சிரிக்கவில்லை. "காலை மட்டும் இங்க வை பெரியவரே. மூச்சைப் பிடி" என்றார்.

கணுக்காலுக்கு எதற்கு மூச்சைப் பிடிப்பது? நானும் கேட்டுப் பார்த்தேன். நெஞ்சுக்கும் அதைத்தான் சொல்வார், சுண்டுவிரலுக்கும் அதைத்தான் சொல்வார். "மூச்சைப் பிடிச்சா மனுஷன் ஆட மாட்டான்" என்றார். அதுவரை அவர் எதற்காவது காரணம் சொன்னது அந்த ஒருமுறைதான்.

பலமனேரிலிருந்து முட்டி வலியோடு ஒரு அம்மா வந்தாள். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். உட்கார்ந்து எழுந்தாலே முட்டி நறநறவென்கிறது என்றாள். படம் எடுத்து முடித்ததும் மேஜையை விட்டு இறங்கினாள், நாலடி நடந்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா வெச்சாரு கரண்டு! வலி உட்டே பூடிச்சி!"

சேலையை உதறிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். எக்ஸ்ரேதான் வைத்தியம் என்று எண்ணிக்கொண்டாள். அவள் மட்டுமல்ல, மாதத்துக்குப் பத்துப் பேராவது இப்படிப் போவார்கள். மிஷின் சத்தம், இருட்டு, குளிர்ந்த மேஜை, மூச்சைப் பிடி, விடு. இவ்வளவு நடந்தபிறகு வைத்தியம் ஆகவில்லை என்று யார்தான் நினைப்பார்கள்? ஈரம் காயாத படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். பஸ் ஜன்னலுக்குள்ளிருந்து அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்த நீயே வெச்சிக்கோ நைனா. எம் முட்டிய செவுத்துல மாட்டி மாலை போடவா போறேன்?"

பஸ் போய்விட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து அவரிடம் சத்தம் போட்டேன். "இது வைத்தியம் இல்ல, டாக்டரைப் பாத்துட்டுப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணா?"

"அந்தம்மா கேக்கலையே" என்றார்.

கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டாரா? இதுதான் எனக்கு ஆத்திரம். ஆனால் ஒன்று, அந்த விஷயத்தில் அவர் ஆள் பார்க்க மாட்டார். ஜீப்பில் வந்து இறங்கிய கரும்பு மில்காரர், "நீ சும்மா சொல்லுப்பா, எனக்குள்ளயே வெச்சிக்கிறேன்" என்று தோளில் கைபோட்டுக் கேட்டார். "டாக்டர்காரு செப்தாரு." கேட்டது அவர் சொந்த மனைவியாக இருந்தாலும் அதே பதில்தான். ஒருநாள் அந்த அம்மாவின் முட்டிக்குப் படம் எடுத்தார். என்னிடம் பெயரும் வயதும் சொல்லி முறையாக ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை சாப்பாட்டுக் கேரியரோடு வந்தவள் வராந்தாவில் நின்று, அவருக்கும் கேட்க வேண்டும் என்றே என்னிடம் சொன்னாள்:

"ஏம்பா, நீயாச்சும் கேளு. மூணு நாளா ஒரே வூட்ல இருக்கிறோம். எம் முட்டி எப்படிக் கீதுன்னு இந்த மனுஷன் வாயிலருந்து வரல. புதன்கிழமை வரைக்கும் ஜெபம் பண்ணிக்கோன்றாரு!"

அவர் உள்ளே கேரியரைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒருமுறை பிடித்துக்கொண்டேன். "இருபது வருஷமா எலும்பையே பாத்துக்கினு இருக்கீங்க. டியூட்டி டாக்டரைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். அப்புறம் ஏன் சொல்ல மாட்டேன்றீங்க?" கிளிப்பைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆஸ்பத்திரில ரெண்டு வாய் இருக்கக் கூடாதுப்பா. அவரு ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா, ஜனம் எதை நம்பும்?"

அப்போது அது எனக்குப் பெரிய நியாயமாகக்கூடப் பட்டது. ராத்திரி ரூமுக்குப் போய் நோட்டில் எழுதி வைத்தேன். அந்த எண்ணமெல்லாம் என் அண்ணன் விஷயம் வரும்வரைதான்.

அண்ணன் கிணறு வெட்டுகிறவன். பாலசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அங்கே முப்பதடிக்குக் கீழே மண் கிடையாது, பாறைதான். சம்மட்டி பிடித்து உளி அடித்துக் குழி போட வேண்டும், அப்புறம் வேட்டு வைப்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்று, பதினாலு வயதில் சம்மட்டியைப் பிடித்தான். என்னைத் திருப்பதி ஹாஸ்டலில் படிக்க வைத்தது அந்தச் சம்மட்டிதான். அவன் கையைப் பார்த்தால் கை மாதிரியே இருக்காது, காய்ந்த வேர் மாதிரி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் வராந்தாவில் வந்து நின்றான். கிணற்றுக்குள் இறங்கும்போது படி வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறான். வீக்கம் அவ்வளவாக இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஒரு குழி இருக்கிறதே, அங்கே அழுத்தினால் மட்டும் பல்லைக் கடித்தான்.

டியூட்டி டாக்டர் ஒரு படம் எழுதிக் கொடுத்தார். போட்டோக்காரர் அண்ணனின் மணிக்கட்டை நேராக வைத்து ஒன்று எடுத்தார். பக்கவாட்டில் வைத்து ஒன்று. பிறகு கையைச் சுண்டுவிரல் பக்கம் வளைக்கச் சொல்லி, கோணம் பார்த்துப் பார்த்து மூன்றாவது ஒன்று. அந்த வாரம் பிலிமுக்குத் தட்டுப்பாடு. வேறு யாருக்கும் ஒன்றுக்குமேல் எடுக்கவில்லை. என் அண்ணன் என்பதால் எடுக்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு முட்டாள் நான்!

மூன்றையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சுளுக்கு. துணிக்கட்டு போட்டுக்கோ, ஒரு வாரத்துல சரியாயிடும்."

அண்ணன் கிளம்பினான். வராந்தாவில் போட்டோக்காரர் அவனைக் கூப்பிட்டார். பிலிம் வருகிற அட்டைப்பெட்டியைக் கத்தரித்து, கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து அணைக்கிற மாதிரி வளைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். அவர் ஒரு நோயாளிக்குக் கட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"இதை அவுக்காத. கட்டைவிரலை ஆட்டாத. பத்து நாள் கழிச்சி வா, இன்னொரு படம் எடுக்கணும்."

"டாக்டரு சுளுக்குன்னாருங்களே?"

"ஆமா."

"அப்ப இன்னொரு போட்டோ இன்னாத்துக்கு?"

"எடுக்கணும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே போட்டோக்காரரிடம் கேட்டேன். "படத்துல என்ன தெரியுதுண்ணா?" "ஒண்ணும் தெரியல." "பின்ன ஏன் வரச் சொன்னீங்க?" இருட்டறைத் திரையை இழுத்து மூடிக்கொண்டார். சனிக்கிழமை கேட்டேன், டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். எலும்பு டாக்டரிடமாவது காட்டலாம் என்றால், மகள் கல்யாணம் என்று அந்தப் புதனும் அடுத்த புதனும் அவர் வர மாட்டாராம். மூன்று படங்களையும் நானே ஜன்னலில் வைத்து மணிக்கணக்காகப் பார்த்தேன். பி.ஏ. படித்த கண்ணுக்கு அங்கே சாம்பல் நிறக் கூழாங்கற்கள்தான் தெரிந்தன.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, படத்துக்கு முந்தின நாள், ஊருக்குப் போனேன். அண்ணன் கிணற்று மேட்டில் நின்று கீழே இருந்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தான். அட்டைக்கட்டு அழுக்கேறி இருந்தது, ஆனால் அவிழ்க்கவில்லை.

"நாளைக்கு வரணும்ணா."

"இன்னாத்துக்குடா?"

"இன்னொரு படம் எடுக்கணுமாம்."

"அதான் இன்னாத்துக்கு? ஒடைஞ்சிகீதுன்னாரா?"

"இல்ல."

"ஒடையலன்னாரா?"

"அதுவும் சொல்லல."

கீழேயிருந்து யாரோ சிரித்தார்கள். "தம்பி ஆபீசரு போட்டோ புடிக்கிற ஆளு மாமா! உன்ன நல்லா சோக்கா ஒண்ணு புடிச்சிக் குடுக்கும், போ!"

அண்ணன் சிரிக்கவில்லை. "தோ பாரு. பாறை வந்துட்ச்சி. நாளான்னிக்கு வேட்டு வெக்கிறவன் வரான். அதுக்குள்ள குழி போடணும், நான் இறங்கலன்னா வேற ஆள இட்டாருவாங்க. காரணம் சொல்லு, எல்லாத்தையும் உட்டுட்டு வரேன். ரெண்டு பஸ்சு மாறி வரேன். நீ அதே ரூம்ல உக்காந்துகினு கீற. பி.ஏ. படிச்சிகீற. இன்னாத்துக்குன்னு சொல்லு."

"தெரியலண்ணா. அவரு சொல்ல மாட்டேன்றாரு."

"உனக்கே தெரியாததுக்கு என்ன வர சொல்றியே, உனுக்கு நல்லா கீதாடா?"

பேசிக்கொண்டே முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அட்டையைக் கழற்றினான். கையை மூடித் திறந்து காட்டினான். "பாரு. ஒண்ணியும் இல்ல." சம்மட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். கீழே முதல் அடி விழுந்தது கேட்டது. இரண்டாவது அடிக்குக் கொஞ்சம் நேரமானது. அந்த இடைவெளிக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் மேலே நின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மத்தியானம் போட்டோக்காரர் இருட்டறையிலிருந்து தலையை நீட்டினார். "உங்க அண்ணன் வந்தானா?" நாலு மணிக்கு மறுபடியும் கேட்டார். அவராக ஒரு நோயாளியைப் பற்றி விசாரித்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவனுக்காக ஒரு பிலிமைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

"வரல. காரணம் கேக்கறான். நீங்க காரணம் சொல்லியிருந்தா வந்திருப்பான்."

பிலிமைப் பெட்டியில் திருப்பி வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எலும்பு டாக்டர் திரும்பி வந்தபோது, அண்ணன்தான் வேலைக்குப் போகிறானே என்று நானும் படங்களைக் காட்டாமல் விட்டுவிட்டேன். அண்ணன் வந்தது ஐந்து மாதம் கழித்து. சம்மட்டி பிடியிலிருந்து நழுவி, கீழே நின்றவன் தலைக்குப் பக்கத்தில் போய் விழுந்ததாம். அன்றே கூட்டாளிகள் அவனை மேலே ஏற்றிவிட்டார்கள். டீ கிளாஸைக்கூட இடது கையால்தான் எடுத்தான். அதே மூன்று கோணம். இந்தத் தடவை கூழாங்கற்களில் ஒன்றின் குறுக்கே கறுப்பாய் ஒரு கோடு. எனக்கே தெரிந்தது.

அன்று புதன்கிழமை. எலும்பு டாக்டர் அண்ணனின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். முந்திரிக்கொட்டை அளவு எலும்பு அது. ரத்தம் ஒரு முனை வழியாகத்தான் உள்ளே வரும். நடுவில் உடைந்தால் மறுமுனைக்கு ரத்தம் போகாது, அந்தப் பாதி காய்ந்துபோகும். முதல் நாள் படத்தில் உடைவு தெரியாமலும் போகலாம். அதனால் சந்தேகம் என்றாலே கட்டுப் போட்டுவிட்டு, பத்து நாளில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

"ரெண்டாவது படம் எடுக்கலையா நீங்க?"

"எடுக்கச் சொன்னாங்க சார்" என்றான் அண்ணன். "எதுக்குன்னு சொல்லல."

வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். வலி குறையும். சம்மட்டி மட்டும் இனிமேல் வேண்டாம்.

அண்ணனை வராந்தா பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு எக்ஸ்ரே ரூமுக்குள் போனேன். நான் என்னென்ன பேசினேன் என்று எல்லாம் ஞாபகமில்லை. மரியாதை இல்லாமல் பேசினேன் என்பது ஞாபகம் இருக்கிறது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வரச் சொன்னேனேப்பா."

"காரணம் சொன்னியா?"

"அன்னிக்குப் படத்துல ஒண்ணும் இல்லையேப்பா. இல்லாததை இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது?"

"இருக்கலாம்னு சொல்லியிருக்கலாமே! அது போதுமே! அந்த ஒரு வார்த்தைக்கு எங்கண்ணன் ஒரு வருஷம்கூட அட்டையைக் கட்டிக்கினு உக்காந்திருப்பானே!"

அவர் தன் பழுப்பு நகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வெளியே போனார். பெஞ்சியில் அண்ணனின் பக்கத்தில் போய் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று கதவோரம் நின்று பார்த்தேன். அண்ணனின் வலது கையை எடுத்து, அந்தக் குழியில் தன் கட்டைவிரலை வைத்தார், வலிக்காமல். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டார்.

அதற்குமேல் அந்த அறையில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட முடியவில்லை. இப்போது வீட்டில் சம்பாதிக்கிற கை என்னுடையது மட்டும்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். குப்பத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தான், இளவயசு. சாரத்திலிருந்து இடறி உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறான். அதே குழியில் வலி. படத்தில் ஒன்றுமில்லை. சீட்டில் சுளுக்கு என்று எழுதியிருந்தது. கட்டைவிரலில் போட்டோக்காரர் கட்டிவிட்ட அதே அட்டைக்கட்டு. சீட்டைக் கையில் கொடுக்கப் போனவன் நிறுத்தினேன். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

"இங்க பாருப்பா. இதுல ஒண்ணும் தெரியலதான். ஆனா அந்த எலும்பு ஒடஞ்சிருந்தாலும் முதல் நாள்ல தெரியாது. பத்து நாள் கழிச்சி நீ கண்டிப்பா வரணும். அதுவரைக்கும்..."

இருட்டறைத் திரைக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது. வெளியே வந்து என்னைத் தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். திரை அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"பத்துன்னு சொல்லாத. பத்துலருந்து பதினாலுக்குள்ள. உடைஞ்ச ஓரம் கொஞ்சம் கரைஞ்சப்புறம்தான் கோடு வெளிய தெரியும், அதுக்குத்தான் ரெண்டாவது படம். அதுவரைக்கும் கட்டைவிரல் அசையக் கூடாது, அசைஞ்சா ஒட்டாது. ஒட்டலன்னா கரண்டி பிடிக்க முடியாது, செங்கல் தூக்க முடியாது, ஆயுசுக்கும் அந்தக் கை அவ்வளவுதான். புதன்கிழமையும் வந்து பெரிய டாக்டரைப் பாக்கச் சொல்லு. அதைச் சொல்லு அவனுக்கு."

கொத்தனார் திரையைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் என்னைப் பார்த்தான். "வந்துர்றேன் சார். அவுக்கவே மாட்டேன், வந்துர்றேன்" என்றான்.

உள்ளே மறுபடியும் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. அவ்வளவையும் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.